வீட்டில் கட்டும் இசட்80 கணினிக்கு எந்த யூஎஸ்பி சிப்?

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டது இப்படி: 4 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இசட்80 என்ற பழைய எட்டு பிட் செயலி, 5 வோல்ட், 32 கே (கிலோபைட்) ரோம், 32 கே ராம் என்று ஒரு கணினியை வீட்டிலேயே கட்டிவிட்டீர்கள். சீரியல் (பிட் பிட்டாக அனுப்பும் முறை) வழியாக மானிட்டர் நிரலும் (கட்டளை கொடுத்துக் கணினியைச் சோதிக்க உதவும் சிறு நிரல்) ஓடுகிறது. இனி அதில் யூஎஸ்பி வேண்டும். பென்டிரைவ் படிக்க வேண்டும், கீபோர்டு செருக வேண்டும், லேப்டாப்போடும் பேச வேண்டும். ஒரே சிப்பில் எல்லாம் முடியுமா, எதை வாங்குவது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒரே சிப்பில் மூன்றையும் தேடாதீர்கள். பென்டிரைவுக்கு சிஎச்376எஸ் என்ற சிப்பை வாங்குங்கள், அதையும் பேரலல் முறையில் (எட்டு பிட்டையும் ஒரே நேரத்தில் எட்டுக் கம்பியில்) இணையுங்கள். லேப்டாப்போடு வேகமாகப் பேச வேண்டுமானால் எஃப்டி245ஆர். கீபோர்டுக்கு இப்போதைக்கு யூஎஸ்பியே வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

யூஎஸ்பியில் இரண்டு பக்கமும் சமம் இல்லை. ஒரு பக்கம் ஹோஸ்ட், மறுபக்கம் டிவைஸ். எப்போது யார் பேச வேண்டும் என்று முடிவு செய்வது ஹோஸ்ட் மட்டுமே. கூப்பிட்டால்தான் டிவைஸ் வாய் திறக்கும். பென்டிரைவும் கீபோர்டும் டிவைஸ்கள், ஆகவே அவற்றோடு பேச உங்கள் போர்டு ஹோஸ்டாக இருக்க வேண்டும். லேப்டாப்போ எப்போதும் ஹோஸ்ட். அதனோடு பேச உங்கள் போர்டு டிவைஸாக மாற வேண்டும். ஒரே வார்த்தையால் அழைக்கப்பட்டாலும் இவை இரண்டும் வேறு வேறு வேலைகள். கடையில் போய் ‘யூஎஸ்பி சிப் கொடுங்க’ என்றால் பெரும்பாலும் கையில் கிடைப்பது சிஎச்340 போன்ற சீரியல் மாற்றி. அது டிவைஸ் பக்கத்துக்கானது. அதில் பென்டிரைவைச் செருகி ஒரு பயனும் இல்லை. இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் காசை விட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நேரக் கணக்கு. யூஎஸ்பி 1996-ல் வந்தது. இசட்80 பிறந்தது 1976-ல். ஃபுல் ஸ்பீடு யூஎஸ்பியில் நொடிக்கு 1 கோடியே 20 லட்சம் பிட். ஒரு பிட்டுக்கு ஏறக்குறைய 83 நானோசெகண்ட். உங்கள் 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80-இன் ஒரே ஒரு கடிகாரத் துடிப்புக்குள் மூன்று பிட்கள் போய்விடும். ஒன்றுமே செய்யாத நாப் கட்டளைக்குக் கூட நான்கு துடிப்பு, அதாவது ஒரு மைக்ரோசெகண்ட். அதற்குள் 12 பிட் ஓடிவிடும். எதிர்ப்பக்கம் ஒரு பாக்கெட் (தரவுத் துண்டு) அனுப்பினால் சுமார் 16 பிட் நேரத்துக்குள் பதில் கம்பியில் கிளம்பியாக வேண்டும். சிஆர்சி (தரவில் பிழை உண்டா என்று காட்டும் எண்) சரிபார்ப்பது, ஆறு ஒன்றுகள் தொடர்ந்து வந்தால் நடுவே ஒரு பூஜ்யம் செருகுவது இதெல்லாம் வேறு. இதை இசட்80 நேரடியாகச் செய்ய நினைப்பது குருவி தலையில் பனங்காய் வைத்த கதைதான்.

ஆகவே சிப் தேர்வில் நான் பார்க்கும் முதல் விஷயம் விலையோ வேகமோ அல்ல. யூஎஸ்பி வேலையில் எவ்வளவு பங்கை அந்த சிப் தானே முடித்துக்கொள்கிறது, மீதி எவ்வளவு உங்கள் ரோமுக்குள் எழுத வேண்டிவரும் என்பதுதான்.

எஸ்எல்811எச்எஸ், மேக்ஸ்3421ஈ இரண்டும் பலரும் பரிந்துரைக்கும் ஹோஸ்ட் சிப்கள். இவை பாக்கெட் மட்டம் வரை பார்த்துக்கொள்ளும். சிஆர்சி, பதில் அனுப்புதல், நேரம் தவறாமை எல்லாம் சிப்பின் பொறுப்பு. அதற்கு மேலே உள்ளது முழுவதும் உங்களுடையது. செருகிய கருவியிடம் அதன் 18 பைட் விவரக்குறிப்பைக் கேட்க வேண்டும், அதற்கு ஒரு முகவரி கொடுக்க வேண்டும், கான்ஃபிகரேஷன் விவரத்தைப் பிரித்துப் படித்து எந்த எண்ட்பாயின்டில் (கருவியின் தரவு வாசல்) தரவு வரும் என்று கண்டுபிடிக்க வேண்டும். பென்டிரைவ் என்றால் ஒவ்வொரு செக்டரைப் (சேமிப்பின் ஒரு துண்டு) படிக்கவும் 31 பைட் கட்டளை உறை அனுப்பி, அதற்குள் ஸ்கஸி (வட்டுகளோடு பேசும் கட்டளை மொழி) ரீட் கட்டளையை வைத்து, 512 பைட் வாங்கி, பிறகு 13 பைட் நிலை அறிக்கையையும் வாங்க வேண்டும். அதற்கும் மேலே, எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று குறித்துவைக்கும் ஃபேட் கோப்பு முறை இருக்கிறது. எழுத முடியாதா என்றால் முடியும். சில மாதம் உட்கார்ந்து எழுதினால் யூஎஸ்பி தலைகீழாகத் தெரியும். ஆனால் உங்கள் நோக்கம் கணினியை ஓட்டுவது என்று நினைக்கிறேன்.

இவற்றுக்கு வேறு சிக்கலும் உண்டு. எஸ்எல்811எச்எஸ் எட்டு பிட் பஸ்ஸில் (செயலியின் தரவுக் கம்பிகள்) நேராக உட்காரும், 3.3 வோல்ட்டில் ஓடினாலும் 5 வோல்ட் சிக்னலைத் தாங்கும். எட்டு பிட் காரர்களுக்கு அருமையான சிப். ஆனால் இப்போது கிடைப்பது பெரும்பாலும் பழைய கையிருப்பு. மேக்ஸ்3421ஈ நம்பகமானது, அர்டுயினோ என்ற பயிற்சிப் போர்டின் யூஎஸ்பி ஹோஸ்ட் ஷீல்டில் (மேலே செருகும் அட்டை) இருப்பதும் இதுதான். ஆனால் அது எஸ்பிஐ (தனிக் கடிகாரக் கம்பியோடு பிட் பிட்டாக அனுப்பும் முறை) வழியாக, 3.3 வோல்ட்டில் மட்டும் பேசும். இசட்80-இல் எஸ்பிஐ கிடையாது. நிரலால் ஒவ்வொரு பிட்டாகத் தள்ளினால் பைட்டுக்கு 300, 400 துடிப்பு போகும். 4 மெகாஹெர்ட்ஸில் நொடிக்குப் பத்து, பதின்மூன்று கிலோபைட்டைத் தாண்டாது. ஷிஃப்ட் ரெஜிஸ்டர் (பைட்டைப் பிட்களாகத் தள்ளும் சிப்) வைத்து வேகமாக்கலாம்தான். அப்படிச் செய்தால் அதற்கு நாலு சிப், வோல்டேஜ் மாற்ற இன்னொன்று என்று போர்டு வீங்கும்.

சிஎச்376 இந்த இடத்தில்தான் வேறுபடுகிறது. சீனாவின் நான்ஜிங் நகரத்து நிறுவனமான டபிள்யூசிஎச் தயாரிப்பு. பாக்கெட், முகவரி, ஸ்கஸி, ஃபேட்12, ஃபேட்16, ஃபேட்32 வரை எல்லாம் அதன் உள்ளேயே இருக்கிறது. ‘இந்தப் பெயருள்ள கோப்பைத் திற’, ‘இத்தனை பைட் கொடு’, ‘மூடு’ என்று சொன்னால் போதும். 5 வோல்ட்டிலும் ஓடும், 3.3 வோல்ட்டிலும் ஓடும். எட்டு பிட் பேரலல், எஸ்பிஐ, சீரியல் என மூன்று வழியிலும் பேசும். பழைய வீட்டுக் கணினிகளான எம்எஸ்எக்ஸுக்கு வந்த ரூக்கி டிரைவ், ஆம்ஸ்ட்ராட் சிபிசிக்கு வந்த அல்பிரியோ ஆகிய அட்டைகளிலும் இந்த சிப்தான். அந்தக் கணினிகள் இரண்டும் இசட்80 இயந்திரங்கள். அதாவது உங்களுக்கு முன்னாலேயே இந்த வழியில் நடந்தவர்கள் இருக்கிறார்கள்.

வாங்கும்போது பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். ‘எஸ்’ என்று முடிவது 28 கால் (பின்) உள்ளது, அதில்தான் பேரலல் பஸ் இருக்கிறது. ‘டி’ என்று முடிவது 20 கால். எஸ்பிஐயும் சீரியலும் மட்டும்தான். 28 கால் சிப்பின் கால் இடைவெளி 1.27 மில்லிமீட்டர், சாதாரண முனையுள்ள சால்டரிங் அயர்னாலேயே ஒட்டிவிடலாம். கை நடுங்கும் என்றால் யூஎஸ்பி சாக்கெட்டோடு ரெடியாக வரும் நீல நிற மாட்யூலை வாங்குங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் எல்லாக் கடையிலும் இருக்காது. அர்டுயினோ, சென்சார் சாமான் விற்கும் கடைகளில் கேளுங்கள், பக்கத்து நரசிங்கபுரம் தெருவிலும் ஒரு சுற்று வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். மாட்யூலைக் கையில் வாங்கியதும் திருப்பி, சிப்பின் மேல் என்ன அச்சிட்டிருக்கிறது என்று செல்போன் டார்ச் அடித்துப் படித்துவிட்டே காசு கொடுங்கள்.

இணைப்பு எளிது. டேட்டா கால்கள் எட்டும் நேராக டேட்டா பஸ்ஸுக்கு. சிப்பின் ஏ0 நேராக இசட்80-இன் ஏ0-க்கு (முகவரியின் கடைசி பிட்). இசட்80-இன் ஆர்டி (படி), டபிள்யூஆர் (எழுது) அப்படியே சிப்பின் ஆர்டி, டபிள்யூஆருக்கு. சிப் செலக்ட் (இந்த சிப்பைத்தான் கூப்பிடுகிறோம் என்று சொல்லும் கால்) மட்டும் 74எச்சிடி138 என்ற டீகோடர் வழியாக வர வேண்டும். அதன் எனேபிள் காலில் ஐஓஆர்க்யூ (மெமரியோடு அல்ல, வெளிக்கருவியின் போர்ட்டோடு பேசுகிறேன் என்று இசட்80 சொல்லும் சிக்னல்) கட்டாயம் இருக்கட்டும். இசட்80 மெமரியைப் படிக்கும்போதும் அதே ஆர்டி கால் கீழிறங்கும் என்பதால், ஐஓஆர்க்யூவை விட்டுவிட்டால் ரோமும் இந்த சிப்பும் ஒரே நேரத்தில் பஸ்ஸில் கத்தும். போர்ட் 80-ஐ (இனி வரும் போர்ட் எண்கள், கட்டளைகள் எல்லாம் ஹெக்ஸில், அதாவது பதினாறு அடிப்படை எண்ணில்) டேட்டாவுக்கும், 81-ஐக் கட்டளைக்கும் வைத்துக்கொள்ளலாம்.

வி3 என்று ஒரு கால் இருக்கிறது, அதில் கவனம். 5 வோல்ட்டில் ஓட்டினால் அதிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 0.01 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் மட்டும். 3.3 வோல்ட்டில் ஓட்டினால்தான் அதைச் சப்ளையோடு சேர்க்க வேண்டும். 5 வோல்ட் போர்டில் வி3-ஐ 5 வோல்ட்டோடு சேர்த்தால் சிப் போய்விடும். கிரிஸ்டல் 12 மெகாஹெர்ட்ஸ். சிப்புக்கு ஒட்டியே வையுங்கள்.

நேர இடைவெளியும் பார்த்துக்கொள்ள வேண்டும். கட்டளை எழுதியபின் அடுத்த பைட்டுக்கு 1.5 மைக்ரோசெகண்டும், டேட்டா பைட்டுகளுக்கு இடையே 0.6 மைக்ரோசெகண்டும் அந்த சிப்புக்குத் தேவை. 4 மெகாஹெர்ட்ஸில் இசட்80-இன் அவுட் (போர்ட்டுக்கு எழுதும்) கட்டளைக்கே 11 துடிப்பு, 2.75 மைக்ரோசெகண்ட். ஆக நீங்கள் காத்திருக்கவே வேண்டாம். உங்கள் மெதுவே உங்களுக்குக் காவல். பின்னால் 20 மெகாஹெர்ட்ஸுக்கு மாறினால் அதே அவுட் 0.55 மைக்ரோசெகண்டில் முடிந்துவிடும். அப்போது கட்டளைக்குப் பின் சில நாப் சேர்க்க வேண்டியிருக்கும்.

நண்பர் 6502 என்ற இன்னொரு செயலியில் கட்டுகிறார், அவருக்கும் இது பொருந்துமா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். பொருந்தும். 6502-இல் ஆர்டி, டபிள்யூஆர் தனித்தனியாக இல்லை. ஆர்/டபிள்யூ காலையும் ஃபை2 கடிகாரத்தையும் ஒரு 74எச்சிடி00 லாஜிக் சிப்பில் கொடுத்து இரண்டையும் உருவாக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். இன்னொன்று: டபிள்யூடிசி நிறுவனத்தின் இன்றைய 6502-ஆன டபிள்யூ65சி02, 5 வோல்ட்டில் ஓடும்போது, 3.5 வோல்ட்டுக்கு மேலே வந்தால்தான் அதை ‘ஒன்று’ என்று எடுத்துக்கொள்ளும். 3.3 வோல்ட் சிப்பை நேராகக் கட்டினால் ஒருநாள் வேலை செய்யும், மறுநாள் செய்யாது. நடுவே சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தித் தரும் 74எச்சிடி245 வேண்டும், அல்லது சிஎச்376-ஐயும் 5 வோல்ட்டிலேயே ஓட்டிவிடலாம்.

சரி, பவர். நான் இரண்டு வாரம் இழந்தது இந்த விஷயத்தில்தான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். என் முதல் போர்டில் எல்லாம் சரியாக இருந்தது. சிப் பதில் சொன்னது. பென்டிரைவைச் செருகினால் மட்டும் திரையில் மானிட்டரின் வரவேற்பு வரி மறுபடி வரும். அதாவது கணினி ரீசெட் ஆகிறது. நிரலில் தேடினேன், டீகோடரில் தேடினேன், ரோமை மூன்று முறை அழித்து எழுதினேன். கடைசியில் ஒரு நண்பரின் ஆஸிலோஸ்கோப்பில் 5 வோல்ட் கம்பியை வைத்துவிட்டுச் செருகிப் பார்த்தபோதுதான் தெரிந்தது: செருகிய நொடியில் 5 வோல்ட் 4-க்கும் கீழே ஒரு பள்ளமாக விழுந்து எழுகிறது. பென்டிரைவின் உள்ளே இருக்கும் காலிக் கெப்பாசிட்டர் நிரம்புவதற்கு ஒரே மூச்சில் கரண்டை இழுக்கிறது. வோல்டேஜ் விழுந்தால் கணினியை மறுபடி தொடங்கவைக்கும் என் ரீசெட் சிப் தன் கடமையைச் செய்திருக்கிறது. மல்டிமீட்டரில் இது தெரியவே தெரியாது, அவ்வளவு குறுகிய பள்ளம்.

யூஎஸ்பி விதிமுறையே இதற்கு வழி சொல்லியிருக்கிறது. ஹோஸ்ட் பக்கத்து 5 வோல்ட்டில் குறைந்தது 120 மைக்ரோஃபாரட் இருக்க வேண்டும், செருகும் கருவியின் பக்கம் 10 மைக்ரோஃபாரடுக்கு மேல் இருக்கக் கூடாது. மாட்யூல்களில் இந்தப் பெரிய கெப்பாசிட்டர் பெரும்பாலும் இருப்பதில்லை. சாக்கெட்டின் காலிலேயே ஒரு 220 மைக்ரோஃபாரட் வையுங்கள், அதற்கு முன்னால் 500 மில்லிஆம்ப் தாங்கும் பாலிஃபியூஸ் (தானே மீளும் ஃபியூஸ்) ஒன்று. 12 வோல்ட் அடாப்டரிலிருந்து 7805 ரெகுலேட்டர் வைத்து 5 வோல்ட் எடுக்கிறீர்கள் என்றால் அதையும் மாற்றுங்கள். போர்டும் பென்டிரைவும் சேர்ந்து 600 மில்லிஆம்ப் இழுத்தால் 7805-இல் 4.2 வாட் வெறும் சூடாகவே போகும். சித்திரை வெயிலில், மின்விசிறியும் ஓடாத அறையில் அது தாங்காது. நல்ல 5 வோல்ட் 2 ஆம்ப் அடாப்டரே போதும். திருவொற்றியூரில் கடலை ஒட்டி இருப்பதால் எனக்கு இன்னொரு அனுபவமும் உண்டு: பிரெட்போர்டின் கிளிப்புகள் உப்புக்காற்றில் ஒரே வருடத்தில் கறுத்துவிடும், தொடர்பு விட்டு விட்டு வரும். யூஎஸ்பி பவர் கம்பிகளையாவது சால்டர் செய்துவிடுங்கள்.

பென்டிரைவ் தேர்விலும் ஒரு வார்த்தை. 32 ஜிபிக்குள் இருக்கட்டும், ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்யுங்கள். 64 ஜிபியும் அதற்கு மேலும் உள்ளவை பெரும்பாலும் எக்ஸ்ஃபேட் என்ற வேறு கோப்பு முறையில் வரும். சிஎச்376-க்கு அது புரியாது. கோப்பின் பெயர் பழைய டாஸ் பாணியில் எட்டு எழுத்து, புள்ளி, மூன்று எழுத்து, எல்லாம் பெரிய எழுத்தில். சிபி/எம் என்ற பழைய இயங்குதளத்தை ஓட்டப்போகிறீர்கள் என்றால் கோப்புக் கட்டளைகளை விட்டுவிட்டு செக்டர் கட்டளைகளைப் பயன்படுத்துங்கள். ஒரு 512 பைட் செக்டரில் சிபி/எம்மின் 128 பைட் பதிவுகள் நான்கு அடங்கும்.

இனி லேப்டாப். உங்களிடம் ஏற்கெனவே சீரியல் இருக்கிறது. நொடிக்கு 9600 பிட் வேகத்தில் 32 கே நிரலை ஏற்ற 34 நொடி ஆகும். 115200-க்கு மாற்ற முடிந்தால் மூன்று நொடிதான். இது போதுமென்றால் எதுவும் வாங்க வேண்டாம். இன்னும் வேகம் வேண்டுமானால் எஃப்டி245ஆர்: எட்டு பிட் டேட்டா, பைட் வந்திருக்கிறதா என்று சொல்ல ஒரு கால், எழுத இடம் இருக்கிறதா என்று சொல்ல ஒரு கால், அவ்வளவுதான். சிக்னல் வோல்டேஜை முடிவு செய்யும் விசிசிஐஓ காலை 5 வோல்ட்டில் வைத்தால் இசட்80-உடன் நேராகப் பேசும். அதில் சிப் செலக்ட் கால் கிடையாது, டபிள்யூஆர் சிக்னலும் தலைகீழ்; மேலிருந்து கீழிறங்கும் விளிம்பில்தான் எழுதும். 74எச்சிடி32, 74எச்சிடி02 என்ற இரண்டு லாஜிக் சிப்களைப் போட்டால் சரியாகிவிடும். போலிச் சிப்கள் மட்டும் ஜாக்கிரதை. 2014-ல் இந்த சிப்பின் நிறுவனமான எஃப்டிடிஐயின் விண்டோஸ் டிரைவர் ஒன்று, போலிச் சிப்களின் அடையாள எண்ணையே பூஜ்யமாக்கி அவற்றை முடக்கிவிட்டது. இந்த ஒரு சிப்பை மட்டும் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடம் வாங்குங்கள், கொஞ்சம் விலை கூடினாலும் பரவாயில்லை.

கீபோர்டை ஏன் தள்ளிவைக்கச் சொன்னேன் என்றால், சிஎச்376-இன் ஃபேட் உதவியெல்லாம் பென்டிரைவுக்குத்தான். கீபோர்டு என்றால் அதே சிப்பில் நீங்கள் கீழ்மட்டத்துக்கு இறங்கி, லோ ஸ்பீடுக்கு மாற்றி, முகவரி கொடுத்து, சில மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ‘ஏதாவது அழுத்தினார்களா’ என்று கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சாக்கெட்டும் ஒன்றுதான், கீபோர்டு இருந்தால் பென்டிரைவ் இல்லை. பிஎஸ்/2 (வட்ட பிளக் உள்ள பழைய வகை) கீபோர்டு ஒன்று தேடுங்கள், பழைய சாமான் கடைகளில் இன்னும் கிடைக்கிறது. ஒரு பைட்டுக்கு 11 பிட், மெதுவான கடிகாரம், இசட்80-க்கு ஏற்ற வேகம். யூஎஸ்பி கீபோர்டுதான் வேண்டும் என்றால் ராஸ்பெரி பை பிக்கோ என்ற குட்டி போர்டு ஒன்றை அதற்கென்றே வைத்து, அழுத்திய எழுத்தை உங்கள் போர்டுக்கு அனுப்பச் சொல்லலாம். 133 மெகாஹெர்ட்ஸ் இரட்டைக் கோர் ஒன்று 4 மெகாஹெர்ட்ஸ் இசட்80-க்கு எடுபிடி வேலை பார்ப்பது சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அதில் மனத்தடை இல்லை, சிஎச்376-இன் உள்ளேயும் ஒரு குட்டிக் கணினிதான் அந்த வேலைகளைச் செய்கிறது. பிக்கோவின் கால்கள் 5 வோல்ட்டைத் தாங்காது என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

போர்டு தயாரானதும் பென்டிரைவைச் செருகாமல் ஆரம்பியுங்கள். போர்ட் 81-க்கு 06 எழுதி, போர்ட் 80-க்கு 57 எழுதி, போர்ட் 80-ஐப் படியுங்கள். ஏ8 வர வேண்டும். கொடுத்த பைட்டின் ஒவ்வொரு பிட்டையும் புரட்டித் திருப்பித் தருவது இந்தக் கட்டளையின் வேலை. எஃப்எஃப் வந்தால் சிப் பஸ்ஸில் பேசவே இல்லை. 80 வந்தால் அதுவும் சிப்பின் பதில் அல்ல. போர்ட்டைப் படிக்கும் ‘இன்’ கட்டளையின் கடைசி பைட்டான போர்ட் எண் கேட்பாரற்ற பஸ்ஸில் இன்னும் தங்கியிருக்கிறது. இரண்டுக்கும் சிப் செலக்டைத்தான் பார்க்க வேண்டும். எனக்கு முதல் நாள் 80-தான் வந்தது, போர்ட் எண் என்று புரிய ஒரு மணி நேரம் ஆனது.

ஏ8 வந்துவிட்டால், கட்டளை 15, அதற்கு மதிப்பு 06. கொஞ்சம் பொறுத்துப் படித்தால் 51 வரும், ஹோஸ்ட் முறை தயார். இப்போது பென்டிரைவைச் செருகுங்கள். கட்டளைப் போர்ட்டைப் படித்துக்கொண்டே இருங்கள். மேல் பிட் பூஜ்யமானால் சிப் ஏதோ சொல்ல விரும்புகிறது என்று பொருள். இன்டரப்ட் (செயலியை இடைமறித்துக் கூப்பிடும்) கம்பியை இப்போதே கட்ட வேண்டாம், இப்படிப் படிப்பதே போதும். 22 அனுப்பிக் கேட்டால் 15 வரும், அதாவது செருகியாயிற்று. பிறகு 30 (பென்டிரைவ் இருக்கிறதா), பிறகு 31 (அதைப் படிக்கத் தயாராக்கு). இரண்டுக்கும் 14 வந்தால் வெற்றி. 31 முதல் தடவை தோற்றால் விடாதீர்கள். சில பென்டிரைவ்கள் விழிக்கவே இரண்டு மூன்று நொடி எடுக்கும், சுழற்சியில் பல முறை முயலுங்கள்.

கோப்பைத் திறக்க 2எஃப் அனுப்பிப் பெயரை எழுதி, முடிவில் ஒரு பூஜ்யம், பிறகு 32. இங்கே 42 வந்தால் அந்தப் பெயரில் கோப்பு இல்லை. சிறிய எழுத்தில் எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். படிக்க 3ஏ, அதன்பின் எத்தனை பைட் என்று இரண்டு பைட். 1டி என்று நிலை வந்தால் தரவு காத்திருக்கிறது. 27 அனுப்பி முதல் பைட்டைப் படித்தால் அது நீளம், அதன் பின்னால் அத்தனை பைட். இசட்80-காகவே செய்தது போல இருக்கிறது, பாருங்கள்: அந்த நீளத்தை பி ரெஜிஸ்டரில் (செயலிக்குள் இருக்கும் நினைவிடம்) போட்டு, சி-யில் 80, எச்எல்-இல் மெமரி முகவரி வைத்து, ஐஎன்ஐஆர் (பி-யில் உள்ள எண்ணிக்கை வரை போர்ட்டைப் படித்து மெமரியில் வைக்கும்) என்று ஒரே கட்டளை. பைட்டுக்கு 21 துடிப்பு, நொடிக்கு 1,90,000 பைட்டுக்கு மேல் உள்ளே வரும். அடுத்த துண்டுக்கு 3பி. கேட்ட அளவோ கோப்போ முடிந்ததும் 14 வரும்.

ஐஎன்ஐஆருக்கு முன்னால் பி பூஜ்யமா என்று மட்டும் சோதித்துவிடுங்கள். பி-யில் பூஜ்யம் இருந்தால் ஐஎன்ஐஆர் சும்மா இருக்காது, 256 பைட் படிக்கும். கோப்பின் கடைசியில் உங்கள் நிரலுக்கு மேலேயே குப்பை எழுதிவிடும்.